ஆர்கானிக் உணவுக்கு மாறிய 14 மாதங்கள்: நான் எங்கே தவறினேன்

மகளுக்கு அப்போது ஆறு வயது. வாரத்தில் மூன்று நாளாவது வயிறு வலிக்கிறது என்பாள். பள்ளியிலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டுச் சுருண்டு படுத்துக்கொள்வாள். கணவர் வேலைக்காக வெளியூரில் இருந்தார், மாதம் ஒருமுறைதான் வருவார். வீட்டில் நானும் அவளும் வயதான மாமியாரும் மட்டும். யோசனை கேட்க ஆள் இல்லாததால், அவள் தூங்கிய பிறகு போனை எடுத்து வைத்துக்கொண்டு நடுராத்திரி வரை படிப்பேன். அப்படி ஒரு இரவில்தான் 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டேன். சியாட்டில் பகுதியில் 23 குழந்தைகளுக்கு ஐந்து நாட்கள் ஆர்கானிக் உணவு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மாலத்தியான், குளோர்பைரிபாஸ் என்ற இரண்டு பூச்சிக்கொல்லிகளின் அடையாளம் அவர்கள் சிறுநீரில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் மறுபடி வந்துவிட்டது. படித்து முடித்ததும் எனக்குக் கை நடுங்கியது. என் குழந்தைக்கு நானே தினமும் விஷம் ஊட்டிக்கொண்டிருந்தேனா என்று அழுதேன்.

அந்த ஆய்வு உண்மையானது. இன்றும் அதை மதிக்கிறேன். ஆனால் அது சொன்னது உடலில் பூச்சிமருந்தின் எச்சம் குறைகிறது என்பதை மட்டும்தான். அந்த எச்சத்தால்தான் என் மகளுக்கு வயிறு வலிக்கிறது என்று அதில் ஒரு வரி கூட இல்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். குழந்தைக்கு ஏதாவது தொந்தரவு தொடர்ந்தால் முதலில் மருத்துவரிடம் போய்க் காரணத்தைக் கண்டுபிடியுங்கள், சாப்பாட்டை மாற்றுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் தலைகீழாகச் செய்தேன். அதற்குக் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் காலையே அலமாரியைக் காலி செய்தேன். மாவு, பருப்பு, எண்ணெய், உப்பு, சர்க்கரை எல்லாம் போயிற்று. "பிரிக்காத பொட்டலத்தை ஏம்மா தூக்கிப் போடறே, யாருக்காவது கொடுக்கலாமே" என்று மாமியார் கேட்டார். விஷத்தை யாருக்குக் கொடுப்பது என்று கோபமாகப் பதில் சொன்னேன். அன்று வீட்டுக்கு வந்த எல்லாப் பொருளிலும் ஆர்கானிக் என்றோ இயற்கை என்றோ எழுதியிருந்தது. மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அந்த மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, வருமானத்தில் கால் பங்கு போய்க்கொண்டிருந்த சாப்பாட்டுச் செலவு கிட்டத்தட்டப் பாதியைத் தொட்டிருந்தது. ஆரோக்கியத்துக்குத்தானே செலவு செய்கிறோம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த மாதங்களில் நடந்ததை நான் கவனிக்கவே இல்லை. கவனிக்காதபடி அது மெதுவாக நடந்தது. இரண்டு காய் சமைத்த இடத்தில் ஒரு காய் ஆனது. விலையைப் பார்த்து அரைக் கிலோ எடுக்கும் இடத்தில் கால் கிலோ எடுத்தேன். பழம் மகளுக்கு மட்டும், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மாமியாரும் நானும் பழம் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டோம். முட்டை வாரத்துக்கு இரண்டு. இந்தக் குறையை ஈடு கட்ட மகளுக்கு ஆர்கானிக் பால் நாளுக்கு நான்கு டம்ளர் கொடுத்தேன். பால் நல்லதுதானே, அதுவும் இந்தப் பால் என்றால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்தேன். ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. அதில் பாதி கூட எங்கள் தட்டில் இல்லை. தட்டில் இருந்த கொஞ்சமும் சுத்தமானது என்ற பெருமை மட்டும் இருந்தது.

நான்காவது மாதத்தில் ஒரு விற்பனையாளர் அறிமுகமானார். சொந்தப் பண்ணை, வாரம் ஒரு கூடை வீட்டுக்கே வரும், ஒரு வருடப் பணத்தை முன்னாலேயே கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்றார். சான்றிதழ் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். "நம்பிக்கைதான் மேடம் சான்றிதழ். காகிதத்தை வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவர்கள்தான் அதிகம்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போய், சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டேன். ரசீது கூடக் கேட்டு வாங்கவில்லை, அவர் அனுப்பிய ஒரு குறுஞ்செய்தி மட்டும் இருந்தது. ஐந்து மாதம் கூடை ஒழுங்காக வந்தது. எல்லாக் காலத்திலும் எல்லாக் காயும் வந்தன என்பதையே நான் சந்தேகத்தோடு பார்த்திருக்க வேண்டும். ஒரு சிறு பண்ணையில் அது நடக்காத காரியம். ஒரு நாள் கூடையின் அடியில் மொத்த வியாபாரப் பெட்டியிலிருந்து கிழிந்து விழுந்த ஒரு அட்டைத் துண்டு கிடந்தது. அதில் வேறு ஒரு ஊரின் பெயரும் வழக்கமான முறையில் விளைவிக்கும் ஒரு தோட்டத்தின் முத்திரையும் இருந்தன. போன் செய்து கேட்டேன். அந்த வாரம் மட்டும் வெளியிலிருந்து வாங்கியதாகச் சொன்னார். மறு வாரம் கூடை வரவில்லை. அதற்கடுத்த வாரம் போனும் எடுக்கவில்லை. மீதி ஏழு மாதப் பணம் போனது போனதுதான். பணத்தை விட, ஐந்து மாதமாக எதைச் சாப்பிட்டோம் என்றே தெரியாதது என்னை அதிகம் உலுக்கியது.

அதன் பிறகுதான் சான்றிதழ் என்றால் என்ன என்று உட்கார்ந்து படித்தேன். அதைக் காகிதம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க விதிப்படி, தடை செய்யப்பட்ட ரசாயனம் எதுவும் அறுவடைக்கு முந்தைய மூன்று வருடங்கள் அந்த நிலத்தில் பட்டிருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பருவப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருடம், பழமரம் போன்றவற்றுக்கு மூன்று வருடம். இந்த இடைக்காலத்தில் விவசாயி செலவு செய்துகொண்டே இருக்க வேண்டும், ஆனால் ஆர்கானிக் என்று விற்க முடியாது. விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வருடாவருடம் வெளியாள் வந்து நிலத்தையும் கணக்கையும் பார்ப்பார். ஐரோப்பாவின் பச்சை இலை முத்திரையின் அருகே சோதித்த அமைப்பின் குறியீட்டு எண்ணும், பொருள் எங்கே விளைந்தது என்பதும் இருந்தாக வேண்டும். சான்றிதழில் எந்தெந்தப் பயிருக்கு, எந்தத் தேதி வரை என்று இருக்கும். தக்காளிக்கு வாங்கிய சான்றிதழைக் காட்டி ஆப்பிள் விற்க முடியாது. பல நாடுகளில் அந்த எண்ணை இணையத்தில் போட்டே சரிபார்க்கலாம். சான்றிதழ் கட்டணம் கட்ட முடியாத சிறு விவசாயிகளுக்கு, குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்துக்கொள்ளும் முறையும் பல நாடுகளில் இருக்கிறது. அதனால் சான்றிதழ் இல்லாதவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சான்றிதழ் இல்லை என்றால் நிலத்தைப் பார்க்க விட வேண்டும். பூச்சி வந்தால் என்ன செய்வீர்கள், மண்ணுக்கு என்ன போடுகிறீர்கள், போன வருடம் இந்த நிலத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் தயங்காமல் பதில் வர வேண்டும். உண்மையாகவே செய்கிறவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். என்ன ஆனாலும் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். மாதாமாதம் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள்.

"நாங்கள் எந்த மருந்துமே அடிப்பதில்லை" என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்கானிக் விவசாயத்திலும் அனுமதிக்கப்பட்ட பூச்சிமருந்துகள் உண்டு. கந்தகம், தாமிரச் சேர்மங்கள், செவ்வந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்ரின், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் ஸ்பைனோசாட் எல்லாம் அந்த வகை. இவற்றைப் பயன்படுத்துவதில் குற்றம் ஒன்றும் இல்லை. வாங்குகிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூடை நின்ற பிறகு நான் செய்த அடுத்த தவறு, பொட்டல உணவை நம்பியது. ஆர்கானிக் பிஸ்கட், ஆர்கானிக் பழச்சாறு, ஆர்கானிக் காலை உணவு. காய்கறியை விட இவற்றில் முத்திரை தெளிவாக இருக்கிறதே என்று வாங்கினேன். முத்திரை பொய் இல்லை. ஆனால் சர்க்கரை எப்படி விளைந்தாலும் சர்க்கரைதான். பொட்டலத்தின் பின்பக்கம் பொருட்களைப் பட்டியலிடும்போது எது அதிக எடையோ அதுதான் முதலில் வரும். மகளின் பிஸ்கட்டில் மாவுக்கு அடுத்து சர்க்கரை இருந்தது. முன்பக்கத்துச் சொற்களிலும் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் வெறுமனே ஆர்கானிக் என்று போட வேண்டுமானால் உப்பும் தண்ணீரும் போக மீதியில் 95 சதவீதம் ஆர்கானிக் ஆக இருக்க வேண்டும். ஆர்கானிக் பொருட்களைக் கொண்டு செய்தது என்று போட 70 சதவீதம் போதும், ஆனால் அரசு முத்திரையைப் போட முடியாது. இயற்கையானது, பண்ணைப் புதுசு, ரசாயனமற்றது என்ற சொற்களைப் பொட்டலத்தில் அழகுக்கு வரைந்த படம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அவை சான்று ஆகாது.

பதின்மூன்றாவது மாதத்தில் மகள் பள்ளியில் மயங்கி விழுந்தாள். அன்றுதான் முதல்முறையாக ஒழுங்கான ஒரு குழந்தை மருத்துவரிடம் போனேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "மூணு நாள் அவள் சாப்பிடறதை எல்லாம், தண்ணி உள்பட, ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வாங்கம்மா. எவ்வளவுன்னும் எழுதுங்க" என்றார். எழுதினேன். எழுதும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாளில் காய் என்று எழுத ஐந்து கரண்டிதான் இருந்தது. பழம் ஒன்று. பால் பன்னிரண்டு டம்ளர். மருத்துவர் அதைப் படித்துவிட்டுத் திட்டவில்லை. மலச்சிக்கல்தான் வயிற்று வலிக்குக் காரணம், தொடக்கத்திலிருந்தே அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். நார்ச்சத்து குறைந்ததும் அது கூடியிருக்கிறது. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு. பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிற்றை அது அடைத்துவிட்டால் வேறு எதையும் குழந்தை சாப்பிடாது என்று விளக்கினார். நான் ஆர்கானிக் பால் என்று சொன்னேன். "பால் பால்தாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

கிளம்பும்போதுதான் நான் மூன்று மாத கர்ப்பம் என்று சொன்னேன். உடனே அவர் வீட்டில் என்ன உப்பு என்று கேட்டார். அலமாரியைக் காலி செய்த அன்றே அயோடின் சேர்த்த உப்பையும் தூக்கிப் போட்டிருந்தேன், அதில் ரசாயனம் கலக்கிறார்கள் என்று எங்கோ படித்ததை நம்பி. அதற்குப் பதில் அயோடின் சேர்க்காத பாறை உப்பு வந்தது. மருத்துவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன் வேண்டும், அதைச் செய்ய அயோடின் வேண்டும். மண்ணில் அயோடின் குறைந்த இடங்கள் உலகத்தில் ஏராளம் என்பதால்தான் உப்பில் அதைச் சேர்க்கிறார்கள். சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் பயன்படும் உப்பு முழுவதிலும் அயோடின் சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில் ஆர்கானிக் பாலில் சாதாரணப் பாலை விட அயோடின் சராசரியாகக் குறைவாக இருந்தது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். நான் இரண்டு பக்கமும் அயோடின் வரும் வழியை அடைத்திருக்கிறேன்.

பரிசோதனையில் என் தைராய்டு அளவு கொஞ்சம் தள்ளியிருந்தது. உப்பால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு காரணமும் இருக்கலாம் என்றார் எனக்குப் பிரசவம் பார்க்க இருந்த மருத்துவர். மாத்திரை ஆரம்பித்தார். மீதி ஆறு மாதமும் நான் தூங்கிய இரவுகள் குறைவு. கணவரிடம் சொல்லப் பயந்து மூன்று வாரம் மறைத்தேன். கடைசியில் சொன்னபோது அவர், "தனியாவே எல்லாத்தையும் தூக்கிச் சுமந்துட்டியே" என்று மட்டும் சொன்னார். மகன் நல்லபடியாகப் பிறந்தான், பிறந்ததும் செய்த தைராய்டு சோதனையும் சரியாக இருந்தது. பதினாலு மாதத்தில் கூடுதலாகச் செலவானதையும் போன முன்பணத்தையும் சேர்த்தால் எங்கள் நான்கு மாத வருமானத்துக்கு மேல் வந்தது. உப்புப் பொட்டலத்தை இப்போது திருப்பிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

இதை எல்லாம் படித்துவிட்டு ஆர்கானிக் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இப்போதும் வாங்குகிறேன், ஆனால் வரிசை மாறிவிட்டது. முதலில் ஒரு வாரத்துக்குத் தேவையான காய், பழம், பருப்பு, முட்டை எவ்வளவு என்று எழுதுகிறேன். அந்த அளவு குறையக் கூடாது. அதை எந்தக் கடையில் எந்த விலையில் வாங்கினாலும் சரி. அதற்குப் பிறகு கையில் மிஞ்சுவதை வைத்து, தோலோடு சாப்பிடுகிறவற்றை ஆர்கானிக் ஆக மாற்றுகிறேன். கீரை, திராட்சை, ஸ்ட்ராபெரி, ஆப்பிள் இந்த வரிசையில் முன்னால் வரும். வெங்காயம், அன்னாசி, தர்பூசணி, வாழைப்பழம் போலத் தோலை நீக்கிச் சாப்பிடுகிறவற்றுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2012இல் வெளியிட்ட அறிக்கையும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. ஆர்கானிக் உணவில் பூச்சிமருந்து எச்சம் குறைவு, ஆனால் குழந்தைக்கு எல்லாவற்றையும் விட முக்கியம் பலவகைக் காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுவது என்று. அந்தப் பதினாலு மாதம் தொடங்கும் முன்னால் அந்த ஒரு வரியை யாராவது எனக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாதா என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

புற்றுநோய்ப் பயத்தில் மாற நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், என்னையும் அந்தப் பயம் நிறைய ஓட்டியது. 2014இல் பிரிட்டனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து வந்த முடிவில், ஆர்கானிக் சாப்பிட்டவர்களுக்கு மொத்தத்தில் புற்றுநோய் குறையவில்லை. 2018இல் பிரான்சில் 68,946 பேரை வைத்து வந்த முடிவில், அதிகம் சாப்பிட்டவர்களிடம் 25 சதவீதம் குறைவாக இருந்தது. ஆர்கானிக் வாங்குகிறவர்கள் பொதுவாகப் புகைப்பது குறைவு, காய்கறி சாப்பிடுவது அதிகம், அதனால் எதனால் நன்மை என்று பிரித்துப் பார்ப்பது கடினம். இப்படி இரண்டு பக்கமும் இருக்கும் ஒன்றுக்காகக் கடன் வாங்கிச் செலவு செய்யாதீர்கள். தானியத்தில் காட்மியம் என்ற நச்சு உலோகம் ஆர்கானிக் முறையில் குறைவாக இருப்பதாக 2014இல் நியூகாசில் பல்கலைக்கழகம் தலைமையில் 343 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். எனக்கு அது ஒரு நல்ல காரணமாகத் தோன்றுகிறது, கையில் காசு இருக்கும் மாதத்தில் தானியத்தையும் மாற்றுகிறேன்.

கழுவுவதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினாலே மேல்பக்கத்தில் இருப்பதில் கணிசமான பங்கு போய்விடும். சோப்பு வேண்டாம், காய் அதை உறிஞ்சிக்கொள்ளும். 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் செய்த சோதனையில், சமையல் சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது மேல்பரப்பில் இருந்த இரண்டு பூச்சிமருந்துகளில் பெரும்பகுதி போயிருக்கிறது. லிட்டருக்குப் பத்து கிராம் அளவு. தோலுக்குள் ஊறிப்போனதை அது எடுக்காது. ஆர்கானிக் என்றால் கழுவாமலே சாப்பிடலாம் என்று நான் மகளுக்குத் தக்காளியை அப்படியே கொடுத்திருக்கிறேன், அதுவும் தவறு. 2011இல் ஜெர்மனியில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த ஈ கோலை என்ற பாக்டீரியாவின் பாதிப்பு, ஒரு ஆர்கானிக் பண்ணையின் முளைகட்டிய பயிரோடு தொடர்புடையது. கிருமிக்கு அந்த முத்திரை தெரியாது. முளைகட்டியதைக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வேகவைத்தே கொடுங்கள். காய்ச்சாத பச்சைப் பாலும் வேண்டாம்.

மகள் இரும்புச் சொட்டு மருந்து நாலு மாதம் எடுத்தாள். பால் இரண்டு டம்ளராகக் குறைந்தது. காய் இரண்டு வகையாக மறுபடி வந்தது. ஆறு வாரத்தில் வயிற்று வலி நின்றது. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை மூன்று நாள் எழுதிப் பார்ப்பேன்.

மகன் பிறந்த வாரம் நெருங்கிய ஒருவர் ஆர்கானிக் தேன் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். முத்திரை, எண், தேதி எல்லாம் சரியாக இருந்தது, இணையத்திலும் போட்டுப் பார்த்தேன். ஆனால் எந்தத் தேனாக இருந்தாலும் அதில் பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோயை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கலாம், ஒரு வயதுக்குள் குழந்தையின் குடல் அதைத் தாங்காது. பாட்டிலின் மேல் அவன் பிறந்த தேதியை எழுதி மேல்தட்டில் வைத்தேன். போன மாதம்தான் இறக்கினேன்.